பட்டத்தின் பெயரைப் பார்த்தீர்கள், பாடத்தைப் பார்த்தீர்களா?



ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒரு ஜவுளி வியாபாரி கையைப் பிடித்துக்கொண்டார். "ஹஜ்ரத், பையனை பி.டெக். ஐ.டி.யில் சேர்த்துவிட்டேன், துஆ செய்யுங்கள்." "அல்ஹம்துலில்லாஹ். நாலு வருடத்தில் என்னென்ன படிப்பான்?" என்று கேட்டேன். "கம்ப்யூட்டர்தான்" என்றார். துணியை விரலால் தேய்த்து, சாயம் போகுமா என்று பார்க்காமல் ஒரு பேல்கூட இறக்காத மனிதர் அவர். லட்சக்கணக்கில் பணம் கட்டும் படிப்புக்குள் என்ன சரக்கு இருக்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை!

இரண்டாம் வருடம் முடிந்தபோது பையனுக்கு ஐந்து அரியர். அதில் மூன்று கணக்கு. "ப்ளஸ் டூவோடு கணக்கு முடிந்தது என்று நினைத்தேன் ஹஜ்ரத். இதில் இவ்வளவு இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே" என்று என் முன்னால் அழுதான். யார் குற்றம்? தகப்பனார் குற்றம் மட்டுமா? கல்வி வழிகாட்டி முகாம் என்று பந்தல் போட்டு, மைக் பிடித்து, "ஐ.டி. படியுங்கள்" என்று முழங்கிய என்னைப் போன்றவர்களின் குற்றமும்தான்.

அதற்குப் பிறகுதான் அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைப்படியான பாடத்திட்டத்தை வாங்கி உட்கார்ந்து படித்தேன். முதல் செமஸ்டரில் அணிகளும் நுண்கணிதமும், பைத்தான் மொழியும், கூடவே இயற்பியல், வேதியியல். இரண்டாவதில் புள்ளியியல், சி மொழி. மூன்றாவதில் தனிநிலைக் கணிதம், தரவுக் கட்டமைப்பு. நான்காவதில் தரவுத்தளம், இயக்க முறைமை, கணிமைக் கோட்பாடு, செயற்கை நுண்ணறிவு. அதன்பின் கணினி வலையமைப்பு. விதிமுறைகள் மாறும், பாடங்கள் இடம் மாறும். ஆனால் ஐ.டி. படிப்பின் முதுகெலும்பு ஏறக்குறைய இதுதான்.

கல்லூரி நோட்டீஸில் கொட்டை எழுத்தில் வருவது எது தெரியுமா? சைபர் பாதுகாப்பு, கிளவுட், டேட்டா சயின்ஸ். இவற்றில் பெரும்பகுதி பின் செமஸ்டர்களில் வரும் விருப்பப் பாடங்கள். ஸர்ஃபும் நஹ்வும் ஓதாதவனை எந்த உஸ்தாதாவது ஹதீஸ் கிதாபின் முன் உட்கார வைப்பாரா? இங்கே மட்டும் அடிப்படையைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறோம்.

அந்தத் தனிநிலைக் கணிதப் புத்தகத்தைப் புரட்டினேன். முதல் அலகே தர்க்கம்! மதரஸாவில் மன்திக் என்று ஓதினோமே, அதற்கு உடன்பிறப்பு. இன்னொன்றும் சொல்கிறேன். அல்காரிதம் என்ற சொல், 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. மேடையில் இதைச் சொன்னால் தக்பீர் முழங்குகிறது. வீட்டுக்குப் போனால் பிள்ளை அதே அல்காரிதம் பேப்பரில் பெயில்!

வியாபாரிகளே, இது உங்களுக்கு அந்நியமான கல்வி அல்ல. தரவுத்தளம் என்பது உங்கள் பேரேடுதான். சரக்கு விற்றால் இருப்பில் குறைய வேண்டும், கல்லாவிலோ கடன் கணக்கிலோ ஏற வேண்டும். நடுவில் கரண்ட் போனால் ஒன்று எழுதப்பட்டு மற்றொன்று விடுபடக் கூடாது. இரண்டும் பதியவேண்டும், அல்லது இரண்டுமே பதியக்கூடாது. அதற்கு என்ன வழி என்று பக்கம் பக்கமாகப் பாடம் இருக்கிறது. உங்கள் கடையில் வளர்ந்த பிள்ளைக்கு இது சீக்கிரம் புரியும், யாராவது இப்படி எடுத்துச் சொன்னால்.

ப்ளஸ் டூவில் கணக்குப் பிரிவு எடுக்காத பிள்ளைகளுக்கு மூன்று வருட பி.சி.ஏ., பி.எஸ்சி. ஐ.டி. இருக்கின்றன. தகுதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். அவை இளப்பமான படிப்பு அல்ல. எம்.சி.ஏ.வும் 2020 முதல் இரண்டே வருடம்தான்.

"எல்லாம் ஏ.ஐ. எழுதிவிடுமே, எதற்கு இந்தப் பாடமெல்லாம்?" என்று சில தம்பிகள் கேட்கிறார்கள். 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தபின் சின்னச் சின்ன நிரல்களை இயந்திரமே எழுதித் தருகிறது, உண்மை. அது எழுதியதில் எங்கே பிழை என்று கண்டுபிடிக்க யாரை அழைப்பார்கள்? ஆறு மாத சர்டிபிகேட்டோடு வந்தவனையா?

2007-இல் நமக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு கிடைத்தது. எத்தனை வருடப் போராட்டம்! அந்த இடத்தில் உட்கார்ந்த பிள்ளை அரியரோடு வெளியே வந்தால் அந்த இடமும் வீண், போராட்டமும் வீண். அரியர் பேப்பருக்கு ஒதுக்கீடு கிடையாது.

இந்த வருடக் கவுன்சிலிங்குக்கு முன் ஒவ்வொரு கிளையும் ஒரு காரியம் செய்யட்டும். மாணவன் சேர நினைக்கும் கல்லூரியின் பாடத்திட்டத்தை நகலெடுத்து, தகப்பனும் மகனும் இருக்கும்போது, அதே படிப்பை முடித்த ஒரு சகோதரரை அழைத்து வந்து பள்ளிவாசல் திண்ணையில் உட்கார வையுங்கள். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் நேரம் போதும். அந்த ஜவுளி வியாபாரியின் மகன் மூன்று கணக்குப் பேப்பரில் இரண்டை எழுதி முடித்துவிட்டான். தன் பாடத்திட்டத்தோடு முதல் ஆளாக வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறான், இன்ஷா அல்லாஹ்.