கத்தி எடுக்கும் முன்னே



அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி வழியாகத் திருநெல்வேலி செல்லும் சாலை நமக்கு நன்கு பழகிய சாலை. அச்சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து ஓர் இளைஞன் தூக்கி எறியப்படுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அருகே அரசு மருத்துவமனை உண்டு. ஆனால் வயிற்றினுள் இரத்தம் கசியுமாயின், அவன் 1965-இல் தொடங்கப்பட்ட திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையைச் சென்றடைய வேண்டியிருக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்.

அங்குள்ள விபத்துப் பிரிவில் அறுவை மருத்துவர் உடனே கத்தியை எடுப்பதில்லை. முதலில் மூச்சுப்பாதை அடைபடாமல் இருக்கிறதா, நுரையீரல் விரிகிறதா, இரத்தம் எங்கே போகிறது, நினைவு தெளிவாக உள்ளதா என்று வரிசைப்படி பார்க்கின்றனர். முறிந்த கால் காத்திருக்கலாம். நின்ற மூச்சு காத்திராது.

இவ்வரிசை ஒரு தந்தையின் துயரத்தில் பிறந்தது. 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், எலும்பு முறிவு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர் ஓட்டிவந்த சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி இறந்தார், அவரும் நான்கு மக்களும் காயமுற்றனர். சிற்றூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சை போதாது என்று கண்ட அவர், தோழர்களுடன் ஒரு பயிற்சியை வகுத்தார். 1978-இல் தொடங்கிய அப்பயிற்சி இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது.

அறுவை அரங்கிலும் அவசரமும் பொறுமையும் கைகோத்தே செல்கின்றன. இரத்தம் பெருமளவு இழந்தவனின் உடல் குளிர்கிறது. இரத்தம் அமிலத்தன்மை அடைகிறது. உறையும் ஆற்றலை இழக்கிறது. இந்நிலையில் நெடுநேர அறுவை அவனைக் கொன்றுவிடும். ஆகவே மருத்துவர் இரத்தப்போக்கை மட்டும் நிறுத்தி, வயிற்றினுள் துணிச் சுருள்களை வைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார். உடல் தேறியபின், ஓரிரு நாளில் மீண்டும் திறந்து எஞ்சிய பணியை முடிக்கிறார். 'பாதியில் விட்டுவிட்டாரே' என்று கலங்கும் உறவினர்கள் இதை அறிந்திருத்தல் நலம்.

ஆயினும் எத்துணை வல்ல கைகளாயினும், காலம் கடந்து வருபவனைக் காப்பது அரிது. அந்த முதல் மணி நேரம் மருத்துவருடையது அன்று. சாலையோரம் நிற்கும் நம்முடையது. 108-ஐ அழைப்போம். இரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாது அழுத்துவோம். கழுத்தை அசைக்காதிருப்போம். அன்பினாலே கூட, சோடாவோ தண்ணீரோ புகட்டவேண்டாம். மயக்க மருந்தின்போது அது நுரையீரலுக்குள் புகக்கூடும்.

'போலீஸ், கோர்ட்டு என்று அலையவேண்டுமே' என்னும் அச்சமே பலரைத் தடுக்கிறது. அவ்வச்சத்திற்கு இனி இடமில்லை. உதவுவோரைக் காக்கும் நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்ட வலிமை அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அப்பாதுகாப்பு இடம்பெற்றது. பெயரைக் கூறும்படி எவரும் கட்டாயப்படுத்தலாகாது. செலவைப் பற்றிய கவலைக்கும் ஆறுதல் உண்டு: தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், சாலை விபத்தில் சிக்கியோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்க ஏற்பட்டது.

சட்டம் அவ்வாறு உதவுபவருக்கு இட்ட பெயர் 'நல்ல சமாரியர்'. நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த பெயர் அது. அடிபட்டவனைக் கண்டும் விலகிப் போனவர்களும் அந்தக் கதையில் உண்டு. நாம் யாராக இருக்கப்போகிறோம் என்பதை, இவ்விதழை மூடும் முன் நம் வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுவோமாக.