உள்ளங்கைச் சாம்பாரும் ஹெட்போன் குமிழும்

பள்ளி ஆண்டு விழாவில் அதிகமாக வேலை வாங்கப்பட்டு, குறைவாக மதிக்கப்படும் உறுப்பு எது? காதுதான் என்பேன். பல நாள் பயின்ற பேச்சை ஒரு மாணவி மேடையில் தொடங்குகிறாள். முதல் நான்கு வாக்கியங்கள் யாருக்கும் கேட்பதில்லை. பிறகு 'கீ...' என்று ஓர் ஊளை. அதற்குப் பின் மண்டபமே அதிரும் குரல். மைக்கையும் மின்சாரத்தையும் குறை கூறிவிட்டு நாம் கலைந்து போகிறோம். பெரும்பாலும் குறை அவற்றில் இல்லை. ஒலியை வெளியே அனுப்புவதற்கு முன் யாரும் கேட்டுப் பார்க்கவில்லை என்பதே குறை.

மிக்ஸர் என்றதும் தின்பண்டத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள்! பல ஒலிகளைக் கலந்து தரும் கருவிக்கும் அதுவே பெயர். மைக் தரும் மின்குறிப்பு சில மில்லிவோல்ட் அளவே இருக்கும். முதலில் 'கெய்ன்' என்ற குமிழ் அதைப் பெருக்குகிறது. அடுத்து, மேலும் கீழும் நகரும் 'ஃபேடர்', அதில் எவ்வளவு வெளியே செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. எல்லா மைக்குகளின் குறிப்புகளும் ஒன்றுகூடி, முதன்மை ஃபேடரைக் கடந்து, பெருக்கிக்கும் ஒலிபெருக்கிக்கும் போகின்றன.

இந்தப் பாதையிலிருந்து ஒரு கிளை பிரிந்து, தனியான ஒரு சிறு பெருக்கியின் வழியே ஹெட்போனுக்குச் செல்கிறது. பல மிக்ஸர்களில் ஒவ்வொரு மைக்குக்கும் 'பி.எஃப்.எல்.' என்ற பொத்தான் உண்டு. ஃபேடருக்கு முன்பே கேட்பது என்பது அதன் பொருள். அதை அழுத்தினால், ஃபேடர் முழுவதும் மூடியிருந்தாலும் அந்த மைக்கின் ஒலி மட்டும் ஹெட்போனில் கேட்கும், சபையோருக்குக் கேட்காது. மைக்கின் பேட்டரி தீர்ந்துவிட்டதா, கம்பி கரகரக்கிறதா, குரல் உடைகிறதா என்பதெல்லாம் பேச்சாளர் வாய் திறப்பதற்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும். கெய்ன் மிகுந்து குரல் உடைந்துவிட்டால், ஃபேடரைக் கீழே இறக்குவதால் பயனில்லை. உடைந்த குரலே சற்று மெதுவாகக் கேட்கும், அவ்வளவுதான்!

இவ்வளவு உதவும் ஹெட்போனில் ஒரு பொறியும் இருக்கிறது. சமையற்காரர் அண்டாவிலிருந்து ஒரு துளி சாம்பாரை உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறார். உப்புக் குறைவு என்று கண்டு, உள்ளங்கையிலேயே உப்பைத் தூவிக்கொண்டால் அண்டாவில் உப்பு ஏறுமா? ஹெட்போன் குமிழைத் திருப்புவதும் இதுதான். அது உங்கள் காதுக்கு வருவதைக் கூட்டும், குறைக்கும். சபைக்குச் செல்வதைத் தொடவே தொடாது. ஆனால் குமிழை மிகுதியாக வைத்தவர் "சத்தம் அதிகம்" என்று நம்பி ஃபேடரை இறக்குகிறார். கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்பதில்லை. குமிழைக் குறைவாக வைத்தவரோ ஃபேடரை ஏற்றிக்கொண்டே போகிறார். முன் வரிசை காதைப் பொத்திக்கொள்கிறது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். ஃபேடரை மூடிவிட்டு, பி.எஃப்.எல். பொத்தானை அழுத்தி, நண்பனைப் பேசச் சொல்லுங்கள். ஹெட்போன் குமிழைத் திருப்பினால் அளவுமானியில் மாற்றம் இராது. கெய்னைத் திருப்பினால் மானி உயரும், தாழும். எனவே, குரல் எப்படி இருக்கிறது என்பதைக் காதிடம் கேளுங்கள். எவ்வளவு இருக்கிறது என்பதை மானியிடம் கேளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒலி மெலிதாக இருக்கும்போது தாழ்ந்த சுருதிகளை நம் காது சரியாகப் பிடிப்பதில்லை; ஒலி ஓங்கும்போது அவை நிறைவாகக் கேட்கின்றன என்று அது காட்டியது. ஆகவே குமிழைத் திருகத் திருக, மேளம் கனமாக ஒலித்து எல்லாம் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். நன்றாக ஆனது சபைக்குச் செல்லும் ஒலி அன்று. ஏமாந்தது நம் காது.

ஏமாற்றம் மட்டுமானால் பொறுத்துக்கொள்ளலாம். நம் ஒவ்வொரு காதின் நத்தையெலும்பிலும் ஏறத்தாழ 15,000 மயிர்ச் செல்கள் உள்ளன. அவை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம் வகுத்துள்ள வரம்பின்படி, 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரம்வரை கேட்கலாம். ஒலி 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அதன் ஆற்றல் இரட்டிப்பதால், நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபலுக்கு 1 மணி நேரம்; 100 டெசிபலுக்கு 15 நிமிடமே. அதிக ஒலியில் காது தற்காலிகமாக மந்தமாகும். அதனால் குமிழை இன்னும் திருகத் தோன்றும். மூன்று மணி நேர விழாவில் இந்தச் சுழலில் சிக்குபவர் பெரும்பாலும் மிக்ஸர் அருகே நிற்கும் இளைஞரே.

"எனக்கு முப்பது வருட அனுபவம்; ஹெட்போன் எதற்கு?" என்று கேட்கும் மைக் செட்காரர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மண்டபத்தின் எதிரொலியையும், கடைசி வரிசையின் நிலையையும் ஹெட்போன் காட்டாது. அதைக் கழற்றிவிட்டு நடந்து சென்றுதான் கேட்க வேண்டும். ஆனால் மூடிய ஃபேடருக்குப் பின்னால் கிடக்கும் பழுதான மைக்கை எந்த அனுபவக் காதாலும் கேட்க முடியாது. இரண்டும் வேண்டும்.

ஆகவே என் யோசனை இது. ஒவ்வொரு பள்ளி விழாவிலும் இரண்டு மாணவர்களை மிக்ஸர் அருகே உட்கார வையுங்கள். ஒவ்வொரு மைக்கையும் பி.எஃப்.எல். மூலம் கேட்ட பிறகே ஃபேடரை உயர்த்தட்டும். ஹெட்போனை அணியுமுன் அதன் குமிழை முழுவதும் குறைத்துவிட்டு, பேச்சு தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஏற்றி, விழா முடியும்வரை அங்கேயே விடட்டும். அரை மணிக்கு ஒருமுறை இருவரும் மாறிக்கொள்ளட்டும். 'சோலோ' என்ற பொத்தானை மட்டும் கேட்காமல் தொட வேண்டாம். சில கருவிகளில் அது மற்ற மைக்குகளைச் சபைக்குக் கேட்காமல் அடைத்துவிடும்.

இதற்குச் செலவு ஏதுமில்லை. அடுத்த விழாவுக்கு முன் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லி, மைக் செட் அண்ணனிடம் அரை மணி நேரம் கேளுங்கள். மேடையில் நிற்கும் உங்கள் தோழியின் முதல் வாக்கியமே கடைசி வரிசைக்குக் கேட்கட்டும்.