தண்ணீரைப் பழி சொல்லாதீர்கள்

மரத்துக்கு எமன் தண்ணீர்தான் என்று பொதுவாக எல்லோரும் நம்புகிறார்கள். கோலார் தங்கவயலில் இந்த நம்பிக்கை தலைகீழாகிறது. இங்கே தரைக்கடியில் தண்ணீரில் முழுக்க மூழ்கிய சுரங்கக் கட்டைகள் கெடாமல் கிடப்பதற்கே வாய்ப்பு அதிகம். தரைக்கு மேலே, வருடத்தில் சில வாரங்கள் மட்டும் மழை படும் வீட்டுக் கதவுகள்தான் உளுத்துக் கொட்டுகின்றன.

சுரங்கத்தின் கதை தமிழர்களுக்குப் புதிதல்ல. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் இங்கே கால் வைத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள், அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், பூமியைக் குடைந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3,200 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பாறை இடிந்து விழாமல் ஆரம்ப காலத்தில் முட்டுக் கொடுத்தது மரம்தான். ஆழமும் அழுத்தமும் கூடக்கூட கருங்கல் அடுக்குகளும் எஃகும் அதன் இடத்தைப் பிடித்தன. 2001 பிப்ரவரி 28-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. நீர் இறைக்கும் பம்புகள் ஓய்ந்தன. சுரங்கப் பாதைகளில் தண்ணீர் ஏறியது.

மரத்தை உண்மையில் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு வேலை இல்லை. மரம் முழுக்க நீரில் மூழ்கிவிட்டால் ஈரம் உண்டு, காற்று இல்லை. அப்போதும் அதன் பாச்சா பலிக்காது. கேரளத்தில் கிணற்றின் அடியில் நெல்லிப் பலகை போடும் வழக்கம் இந்த அறிவிலிருந்து வந்ததுதான். ஆபத்து இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. நனைந்து காய்ந்து, மறுபடி நனைந்து காயும் மரத்துக்குத்தான் ஆயுள் குறைவு.

படகு கட்டுபவர்களுக்கு இது பால பாடம். வெளிநாட்டு உல்லாசப் படகுகளின் பின்புறத்தில், நீர்மட்டத்துக்குச் சில அங்குலம் மேலே, தேக்குச் சட்டங்களால் ஆன ஒரு மேடை இருக்கும். நீந்துபவர்கள் தண்ணீரில் இறங்கவும் ஏறவும் அதுதான் படி. படகு முழுவதிலும் அதிகம் அவதிப்படும் மரம் அது. அலை நனைக்கிறது, வெயில் காய்ச்சுகிறது, ஈரக் கால்கள் மிதிக்கின்றன. படகின் அடிப்பாகம் எப்போதும் தண்ணீருக்குள் இருக்கிறது. மேல்தளம் பெரும்பாலும் காய்ந்திருக்கிறது. இந்த மேடைக்கு மட்டும் இரண்டு உலகத்திலும் நிம்மதி இல்லை. அதனால் படகுக்காரர்கள் அதைத் தனிப் பிறவியாகவே பார்க்கிறார்கள். வருடம் தவறாமல் கழற்றி, கழுவி, தேய்த்து, எண்ணெய் கொடுத்து மாட்டுகிறார்கள்.

தங்கவயலில் அந்த மேடைக்குச் சமமானது வீட்டுக் கதவின் அடி விளிம்பு. ஜன்னலின் கீழ்ச்சட்டம், குளியலறை நிலையின் கால், தாழ்வாரத்து மரச்சட்டம் எல்லாம் அதே சாதி. சாரல் அடிக்கிறது, வீடு கழுவும் தண்ணீர் தேங்குகிறது, பிறகு பல வாரம் வெயில் காய்கிறது. சுமார் 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஊரில் பகலில் சுடும், இரவில் குளிரும். மரம் விரிந்து சுருங்கி விரிந்து சுருங்கி வெடிப்பு விடுகிறது. போதாததற்கு, தங்கம் பிரித்த பிறகு கொட்டிய மண் மேடுகள் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. கோடைக் காற்று அவற்றின் நுண்துகளை வாரி இறைக்கிறது. வார்னிஷ் பூசிய பரப்பில் அது உப்புத்தாளின் வேலையைச் செய்கிறது.

கதவுக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெயின்ட் அடிப்பவர்கள்கூட இந்த அடி விளிம்பைத் தொடுவதில்லை. கதவைக் கழற்றாமல் அங்கே தூரிகை போகாது. பலகையின் முகப்பில் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். ரேகை முடியும் வெட்டுமுகத்தில், சர்பத்தை உறிஞ்சும் குழல் மாதிரி, ஈரம் சரசரவென்று மேலே ஏறும். முகப்பில் பளபளக்கும் பெயின்ட் அந்த ஈரத்தை வெளியே விடாமல் பூட்டிவைக்கிறது. ஒரு நாள் கதவின் கீழே கட்டைவிரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகிறது. தச்சரைக் கேட்டால், 'சட்டத்தையே மாத்தணும்' என்பார்.

பரிகாரம் பெரிய விஷயமில்லை. கீல்களைக் கழற்றிக் கதவைக் கிடத்த வேண்டும். பழைய பூச்சு பல அடுக்காக இருந்தால் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. பழங்காலப் பெயின்டுகளில் ஈயம் உண்டு. அந்தத் தூசி குழந்தைகளுக்கு விஷம். தண்ணீர் தெளித்து ஈரத்தாளால் தேய்த்து, கசடை அள்ளிப் பத்திரமாக அப்புறப்படுத்துவது நல்லது. வெறும் மரம் தெரிந்த பிறகு நன்றாகக் காயவிட்டு, 80-ஆம் நம்பர் தாளில் தொடங்கி 120, 180 என்று ரேகைப் போக்கிலேயே தேய்க்க வேண்டும். கழுவும்போது மட்டும் ரேகைக்குக் குறுக்கே மென்மையான பிரஷ்ஷால் தேய்ப்பது படகுக்காரர்களின் வழக்கம். ரேகையோடு சேர்த்து அழுத்தித் தேய்த்தால் மென்மையான பகுதி கரைந்து, பலகை உழுத நிலம் போலாகிவிடும். தேக்கு சாம்பல் நிறமாவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது வெயில் செய்த மேல்தோல் மாற்றம். உள்ளே வைரம் பத்திரமாக இருக்கும்.

எதைப் பூசுவது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். உள்வீட்டு மேஜைக்கு அழகாக இருக்கும் ஸ்பிரிட் பாலிஷ் வாசற்கதவுக்கு ஆகாது. அது சாராயத்தில் கரைத்த அரக்கு. தண்ணீர் பட்டால் வெள்ளை பூத்துவிடும். ஆளி விதை எண்ணெய் மட்டும் பூசினால் ஈரமான இடத்தில் கரும்பூஞ்சை பிடிக்கும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போடுவது அதைவிட ஆபத்து. தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும். வெளிக்கதவுக்கு ஏற்றது வெயிலைத் தாங்கும் மெரைன் வார்னிஷ். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால் முதலில் தின்னர் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். முதல் கோட்டில் வார்னிஷுக்குச் சமமாகத் தின்னர் கலந்தால் அது மரத்துக்குள் இறங்கும். அடுத்தடுத்த கோட்டில் தின்னரைக் குறைத்துக்கொண்டே வரலாம். நடுவில் ஒவ்வொரு முறையும் சன்னத் தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். படகு வேலையில் ஆறு, எட்டு கோட் சாதாரணம். கதவுக்கு நான்கு போதும். அடி விளிம்புக்கு மட்டும் ஆறு கொடுக்கலாம். காலால் மிதிக்கும் பலகைக்கு வார்னிஷ் வேண்டாம், வழுக்கும். எண்ணெய் போதும்.

இதெல்லாம் மேல்நாட்டு வித்தை என்று நினைக்கத் தேவையில்லை. தோணி கட்டும் ஆசாரிகள் பலகைகளின் இடுக்கில் பஞ்சும் எண்ணெயும் திணித்துக் கலப்பத்து அடித்தார்கள். அடிப்பாகத்தில் சுண்ணாம்பையும் எண்ணெயையும் குழைத்துப் பூசினார்கள். கேரளத்தின் கெட்டுவள்ளத்துக்குக் காப்பு முந்திரிக்கொட்டைத் தோட்டிலிருந்து வடித்த எண்ணெய். ஆஞ்சிலி மரத்தில் செய்த சுண்டன் வள்ளத்துக்கு மீன் எண்ணெய். பொருள் ஊருக்கு ஊர் மாறுகிறது. மாறாதது ஒன்றுதான்: வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஒரே பூச்சில் நூறு வருடம் நின்ற மரம் எங்கும் கிடையாது.

1817-ல் பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கில் கட்டிய திரிகோணமலை என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கிறது. இருநூறு வருடம் தாண்டிய அந்த மரத்தைப் பற்றிப் பேசும்போது தேக்கின் பெருமையை மட்டும் பேசினால் பாதிக் கதைதான். அந்தக் கப்பலைச் செப்பனிடும் வேலை மட்டும் பத்து வருடத்துக்கு மேல் நடந்தது. அது முடிந்த வருடம் 2001. அதே வருடத்தில்தான் தங்கவயலில் சுரங்கம் மூடப்பட்டது. இங்கே செப்பனிடும் கை நின்றுபோனது.

நிறுவன நகரத்தில் வீடு நிறுவனத்தினுடையது. பழுது பார்ப்பதும் நிறுவனத்தின் பாடு. அந்த ஏற்பாடு நியாயமாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அதிகாரிகளுக்குப் பங்களாக்கள் இருந்த காலத்தில் தொழிலாளர் லைன்களில் மூங்கில் தட்டி வீடுகள் இருந்தன. தட்டிக்கு வார்னிஷ் எதற்கு? பின்னாளில் வந்த குவார்ட்டர்ஸ்களிலும் ஓட்டை விழுந்த கூரைக்கு மனு எழுதிக் காத்திருந்தவர்கள் உண்டு. ஆனாலும் கதவு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்தது. 2001-க்குப் பிறகு அந்தப் பதில் இல்லாமல் போயிற்று. குடியிருக்கும் வீடு தங்களுக்கே சொந்தமாக வேண்டும் என்று முன்னாள் தொழிலாளர்கள் கொடுத்த மனுக்களும் நடத்திய போராட்டங்களும் வருடக்கணக்கில் நீண்டன. நாளைக்குக் காலி செய்யச் சொல்லுவார்களோ என்ற சந்தேகத்தில் இருப்பவர் இன்றைக்கு இரண்டு லிட்டர் மெரைன் வார்னிஷ் வாங்குவாரா?

நேரமும் இல்லை. சுரங்கம் போன பிறகு ஊரின் பிழைப்பு பெங்களூருக்குப் போகும் ரயிலில் ஏறிக்கொண்டது. விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் வண்டி பிடிப்பவர்கள் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். கட்டடம் கட்டுபவர், பெயின்ட் அடிப்பவர், காவல் காப்பவர் என்று நகரத்தின் வீடுகளைப் பார்த்துக்கொள்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அடுத்தவர் கதவுக்கு நாலு கோட் கொடுத்துவிட்டு வருகிறவரின் சொந்தக் கதவு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கும் வேறு வேலைகள் இருக்கின்றன.

தமிழ்நாட்டுக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்வளம் பெருகுவதற்காக வந்த சட்டம் அது. வருமானம் இல்லாத அந்த இரண்டு மாதம் மீனவர்களுக்குக் கஷ்ட காலம்தான். ஆனால் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பலகை மாற்றவும் பெயின்ட் அடிக்கவும் அந்த நாட்களே கைகொடுக்கின்றன. 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போட அங்கே இடமில்லை, ஏனென்றால் தேதி நாட்காட்டியில் இருக்கிறது. பராமரிப்புக்கு வேண்டியவை மூன்று: சொந்தம் என்ற நிச்சயம், ஒதுக்கிவைத்த நாள், கொஞ்சம் காசு. படகுக்காரருக்கு முதல் இரண்டும் இருக்கின்றன. தங்கவயல்காரருக்கு மூன்றுமே சந்தேகம்.

சொந்தம் பற்றிய கேள்விக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும். பட்டா என்ற காகிதம் வங்கிக் கடனுக்கு மட்டும் பயன்படுவதல்ல. கையில் பட்டா வந்த வீட்டில்தான் கூரை மாற்றும் துணிச்சல் வரும், கதவுக்குத் தின்னர் கலக்கும் பொறுமை வரும். குடியிருப்பவருக்கு உரிமை தராமல், குடியிருப்பு பாழாகிறது என்று குறை சொல்வது அழகல்ல.

அது வரும்வரை செய்யக்கூடியது சிறிதளவு உண்டு. மழை முடிந்து மரம் காய்ந்து, கோடைக் காற்று தூசி கிளப்பத் தொடங்காத பிப்ரவரி இதற்கு நல்ல மாதம். பனி விலகிய காலை வேளையில், வாசலில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டுத் தொடங்கலாம். முழுக் கதவுக்கும் வசதியில்லை என்றால் அடி விளிம்புக்கு மட்டுமாவது செய்யலாம். கால் லிட்டர் டப்பாவே போதும். பூச்சு தேறியதா என்று பார்க்க அடுத்த வருடம் மரத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் தெரிந்துவிடும். முத்தாக உருண்டு நின்றால் கவலையில்லை. மரம் கறுத்து உறிஞ்சினால் தாளையும் தூரிகையையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.