வேர் நின்னா மண்ணைக் கேளுங்க

பெரிய முதலியார்சாவடியில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே எங்க கொல்லை. போன தை மாசம் மல்லாட்டைச் செடி ஒண்ணைப் பிடுங்கிப் பார்த்தேன். ஆணிவேர் நாலு விரற்கடை இறங்கி, அப்புறம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. மருந்துக்கடையில் சொன்னதும் ‘வேர் டானிக்’ என்று ஒரு பாட்டிலை எடுத்து வைத்தார்கள். 700 ரூபாய். இரண்டு தடவை அடித்தேன். இலை கொஞ்சம் பளபளத்தது. வேர் நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த மாதிரி பாட்டில் இன்னைக்கு ஊருக்கு ஊர் விக்குது. வாங்குறதுக்கு முன்னாடி, வேர் எப்படி வளருதுன்னு நாம தெரிஞ்சுக்கணும்.

செடி தனக்கு வேண்டிய வளர்ச்சி ஊக்கியைத் தானே செய்துகொள்கிறது. அதில் முக்கியமானது ஆக்ஸின். இளந்தளிரில் உருவாகி, தண்டு வழியாக வேர் நுனிவரை இறங்கும். வேரின் உயிரணுவில் வளர்ச்சிக்கு ஒரு பிரேக் போட்டிருக்கும். ஆக்ஸின் வந்ததும் அந்த பிரேக் புரதத்தை ஓர் ஏற்பியோடு ஒட்டவைக்கும். ஒட்டிய பிரேக்கைச் செடியே அழித்துவிடும். அந்த ஏற்பி ஆக்ஸினை நேரடியாகப் பிடிக்கிறது என்பது 2005-இல்தான் உறுதியானது.

இதில் அளவுதான் எல்லாம். தண்டை நீட்டும் அதே அளவு ஆக்ஸின், வேர் நீளுவதை நிறுத்திவிடும். வேருக்குத் துளியூண்டு போதும். ‘கூடப் போட்டா கூட வளரும்’ என்கிற கணக்கு இங்கே செல்லாது.

சரி, ஊக்கி உள்ளேயே இருந்தும் வேர் ஏன் நிக்குது? மண் நிக்கச் சொல்லுது, அதனால நிக்குது.

வாழைக்காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை வேரும் விடுகிறது. பொலபொலப்பான மண்ணில் அது வெளியேறிவிடும். டிராக்டர் ஏறி இறுகிப்போன மண்ணில் வெளியேற வழியில்லாமல் வேரைச் சுற்றியே தங்கும். உடனே வேர் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும். இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் பிபின் பாண்டே குழுவினர் 2021-இல் இதைக் காட்டினார்கள். எத்திலீனை உணர முடியாத நெற்பயிரின் வேர், இறுகிய மண்ணிலும் இறங்கிப் போனது. அப்படின்னா வேருக்குப் பலம் இல்லாம இல்லை. அதுக்குக் கிடைச்ச சேதி அப்படி.

உப்பும் ஒரு சேதிதான். 2013-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் தக்காளி, சோளம் உள்ளிட்ட செடிகளில் பார்த்தார்கள். உப்பு இருக்கும் பக்கம் வேரில் ஆக்ஸின் குறைகிறது, எதிர்ப்பக்கம் கூடுகிறது. கூடின பக்கம் வளர்ச்சி மெதுவாகி, வேர் அந்தப் பக்கமே வளைந்து உப்பை விட்டு விலகுகிறது.

நான் மண்வெட்டி போட்டுப் பார்த்தேன். நாலு விரற்கடைக்குக் கீழே செம்மண் கல்லு மாதிரி இருந்தது. போர் தண்ணியோ வாயில் வைத்தால் கரிக்கிறது. இந்த இரண்டையும் எந்த பாட்டில் மாத்தும்?

வெளியிலிருந்து கொடுக்கும் ஊக்கி வேலையே செய்யாது என்று நான் சொல்லவில்லை. நம் கரையோர நர்சரிகளில் சவுக்குக் குச்சியை இண்டோல் பியூட்ரிக் அமிலப் பொடியில் தொட்டுத்தான் நடுகிறார்கள். வேரே இல்லாத குச்சிக்கு அது வேர் வரவழைக்கும். வேர் இருக்கிற பயிருக்குத் தேவை வேற.

நம்ம ஆளுங்களையும் சொல்லணும். பஞ்சகவ்யத்திலும் இயற்கையாக ஆக்ஸின் உண்டு. அசோஸ்பைரில்லமும் ஆக்ஸின் சுரக்கும் நுண்ணுயிர்தான். பஞ்சகவ்யத்துக்குப் பரிந்துரை 3 சதவீதம். அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. இயற்கைதானே என்று ஒரு லிட்டர் ஊற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மண்ணைத் தொடாமல் புட்டியை மட்டும் மாற்றினால், அது இயற்கை வேளாண்மை ஆகாது.

2021-இல் மத்திய அரசு உயிரூக்கிகளை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்தது. செயற்கை வளர்ச்சி ஊக்கிகள் 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அதனால் ‘ஆர்கானிக்’ என்று பேர் போட்ட பாட்டிலானாலும் லேபிளைப் படியுங்கள். உள்ளே என்ன, எவ்வளவு என்று எழுதாததை வாங்காதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது வேறு. ஈர மண்ணில் டிராக்டரை இறக்காமல் இருப்போம். ஆடியில் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் சமயம் மடக்கி உழுவோம். அது உப்பையும் தாங்கும், அதன் வேர் இறுகிய மண்ணையும் திறக்கும். மூடாக்குப் போட்டால் வெயிலில் உப்பு மேலே ஏறுவது குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையை வரப்புக்குள் நிறுத்தினால் உப்பு கீழே கழுவப்படும்.

இதெல்லாம் ஒருத்தர் கொல்லையோடு முடிகிற வேலையில்லை. ஆளாளுக்குப் போரை ஆழப்படுத்தினால், முதலியார்சாவடியிலிருந்து மரக்காணம் வரைக்கும் நிலத்தடியில் கடல்தான் உள்ளே வரும். குளத்தைத் தூர் வாரவும், இறைப்புக்கு அளவு வைக்கவும் ஊர் கூடி முடிவெடுக்கணும்.

இந்த வருஷம் அந்த 700 ரூபாயைத் தக்கைப்பூண்டு விதைக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்களும் அடுத்த பாட்டில் வாங்கும் முன்னே, ஒரு செடியைப் பிடுங்கி வேர் என்ன சொல்லுதுன்னு பாருங்க.