நம் ரேகைக்கு 75 ஆண்டு, காவல் நிலையக் கேமராவுக்கு ஒரே நாள்

போன மாதம் கோவில்பட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்து ரேஷன் கடையில் நின்றிருந்தோம். அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா மிஷினில் பெருவிரலை வைத்தார். விழவில்லை. சேலையில் துடைத்துவிட்டு ஆள்காட்டி விரலை வைத்தார். அதுவும் விழவில்லை. "நாளைக்கு வா" என்றார் கடைக்காரர். அவருக்கு அந்த அம்மாவின் மகன் வயதுகூட இருக்காது. "நேத்தும் இதத்தானய்யா சொன்னீக" என்றார் அந்த அம்மா.

அந்தக் கையை நாங்கள் வாங்கிப் பார்த்தோம். முப்பது வருடம் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கிய கை. வேலை இல்லாத நாட்களில் மிளகாய் பறித்து, பருத்தி எடுத்து, வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போட்ட கை. ரேகை இருந்த இடம் வழவழவென்று கிடக்கிறது. உழைப்பு அழித்த ரேகையை அரசு திருப்பிக் கேட்கிறது. இல்லை என்றால் அரிசி இல்லை என்கிறது.

ரேகை விழாவிட்டால் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பொருள் கொடுக்க வேண்டும் என்பது அரசே சொன்னதுதான். 2018 செப்டம்பர் 26 ஆதார் தீர்ப்பின்போதும், ரேகை பொருந்தாத காரணத்தால் உரியவர் யாருக்கும் உதவி மறுக்கப்படாது என்று ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றத்தில் உறுதி கொடுத்தது. அன்றைக்கு நாங்கள் அதைச் சொல்லிப் பேசிய பிறகுதான் பதிவேடு மேசைக்கு வந்தது. நாங்கள் போகாத கடைகளில் என்ன நடக்கிறது?

அரசு கண்காணிப்பு என்று பேச்சு வந்தாலே படித்தவர்கள் ஒரு தராசைத் தூக்குகிறார்கள். ஒரு தட்டில் நாட்டின் பாதுகாப்பு, இன்னொரு தட்டில் தனிமனித அந்தரங்கம், இரண்டையும் சமன் செய்ய வேண்டும் என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தராசு யார் கையில் இருக்கிறது என்பதை அவர்கள் கேட்பதில்லை. எங்கள் கேள்வி அதுதான்.

அந்தரங்கம் என்பது பங்களாக்காரர்களின் கவலை, சேரி மக்களுக்கு அது எதற்கு என்று நம் தோழர்களில் சிலரே நினைக்கிறார்கள். அது தவறு. சாதிச் சமூகம் நம்மை அன்றாடம் ஸ்கேன் செய்துகொண்டுதான் இருக்கிறது. "தம்பிக்கு எந்த ஊரு? எந்தத் தெரு?" என்று டீக்கடையிலும் வாடகை வீட்டு வாசலிலும் கேட்பது விலாசம் தெரிந்துகொள்ளவா? தன்னைப் பற்றி எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்று தானே முடிவு செய்யும் உரிமை வேறு யாரையும்விட நமக்குத்தான் அதிகம் தேவை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். அது நமக்குமான தீர்ப்பு.

கரிசல் காட்டுக்குச் 'சோதனை' புதிதல்ல. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கில் போலீஸ் புகுந்தது. வீடு வீடாக உடைத்தார்கள், படித்த பிள்ளைகளின் சான்றிதழ்களைக்கூட விட்டு வைக்கவில்லை, குடிநீர்க் கிணற்றையும் பாழாக்கினார்கள் என்று அந்த மக்கள் சொன்னார்கள். அன்று வீட்டுக்குள் வந்த சோதனை இன்று உடம்புக்குள் வந்திருக்கிறது. அன்று நம் காகிதங்களை அழித்தார்கள். இன்று நம் ரேகையைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள்.

2022இல் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணுதல்) சட்டம் வந்தது. 1920ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தின் இடத்தில் கொண்டுவரப்பட்ட சட்டம் இது. பழைய சட்டம் விரல் ரேகை, பாத ரேகை, புகைப்படம் என்ற அளவில் நின்றது. புதிய சட்டத்தில் உள்ளங்கை ரேகை, கருவிழி, விழித்திரை, ரத்தம் போன்ற உயிரியல் மாதிரிகள், கையெழுத்து, நடத்தைக் கூறுகள் எல்லாம் சேர்ந்துவிட்டன. எடுத்ததை தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். 20 வயதில் ஒருவனிடம் எடுத்தால் அவனது 95 வயது வரைக்கும்.

யாரிடம் எடுப்பார்கள்? தண்டனை பெற்றவரிடம் மட்டுமல்ல, கைதானவரிடமும் எடுக்கலாம். குற்றமே செய்யாமல், அமைதியைக் குலைக்கக்கூடும் என்ற சந்தேகத்தில் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க உத்தரவிடப்பட்டவரிடமும் எடுக்கலாம். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோயில் கொடை வந்தாலும், செப்டம்பர் 11 இமானுவேல் சேகரனார் நினைவு நாள் நெருங்கினாலும் யார் வீட்டுப் பையன்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். வன்கொடுமைப் புகார் கொடுத்தால் மறுநாளே நம் ஆட்கள் மேல் கவுண்டர் கேஸ் விழுவதும் தெரியும். விடுதலையானால் பதிவை அழிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மேல்முறையீடெல்லாம் முடிந்த பிறகுதான், அதுவும் நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிடாமல் இருந்தால்தான். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பையன் அதுவரை வக்கீல் வைத்துக்கொண்டு அலைய முடியுமா?

முகத்தின் கதையும் இதேதான். 2021 அக்டோபரில் தமிழ்நாடு காவல்துறை முக அடையாள மென்பொருளைத் தொடங்கியது. காவல் நிலையப் பதிவுகளில் ஏற்கெனவே இருக்கும் படங்களோடு தெருவில் போகிறவரின் முகத்தை அது ஒப்பிடும். அந்தப் பதிவுகளில் யார் முகம் அதிகம் இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். 2018இல் அமெரிக்காவில் ஜாய் புவோலம்வினி என்ற கறுப்பினப் பெண் ஆய்வாளர், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார். வெள்ளை ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கறுத்த பெண்களிடம் 34.7 சதவீதம் வரை போனது. கரிசல் வெயிலில் நிற்கும் நம் முகங்களை மிஷின் எப்படிப் படிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பத்திரமாகவாவது வைத்திருக்கிறார்களா? 2024 மே மாதம் அந்தத் தளத்துக்குள்ளேயே வெளியாள் புகுந்து தகவல்கள் கசிந்தன.

இப்போது தராசின் அடுத்த தட்டைப் பார்ப்போம்.

2020 ஜூன் 19. சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் கொண்டு செல்லப்பட்டார்கள். மறுநாள் எங்கள் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு வந்தார்கள். 22ஆம் தேதி இரவு மகனும், 23ஆம் தேதி அதிகாலை தந்தையும் எங்கள் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் இறந்துபோனார்கள். அவர்கள் தலித்துகள் அல்லர். ஆனால் லாக்கப் என்றால் என்னவென்று அறிந்த நாம் அவர்களை நம்மவர்களாகத்தான் நினைத்தோம். விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தார். காவல் நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவு செய்ய 1 டெராபைட் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு தானாக அழிந்துபோகும்படி அமைத்திருந்தார்கள். 19ஆம் தேதி இரவு என்ன நடந்தது என்று காட்ட ஒரு படமும் இல்லை.

குடிமகனின் ரேகைக்கு 75 ஆண்டு. காவல் நிலையக் கேமராவுக்கு ஒரே நாள். இதைத்தான் சமன் செய்திருக்கிறோம் என்கிறார்களா?

அந்த வழக்கில் நடக்க வேண்டிய சோதனை ஒன்று இருந்தது. மருத்துவர் அந்த இரண்டு உடல்களையும் ஒழுங்காகப் பார்த்திருக்க வேண்டும். கைதானவரை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், காவலில் இருந்தால் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் காயத்தோடு வந்தவர்களைச் சிறைக்கு அனுப்பலாம் என்று மருத்துவச் சான்று தரப்பட்டது. அரசுக்கு நம் உடம்பு அடையாளமாக வேண்டும், ஆரோக்கியமாக வேண்டாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வேங்கைவயலை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போய், தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் 2022 டிசம்பர் 26 அன்று மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்கள் அவர்கள். டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கேட்டதும் அவர்களிடம். பாதிக்கப்பட்ட நாங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று 8 பேர் மறுத்தார்கள். பிறகு நீதிமன்றத்தின் வழியாகக் கொடுக்க வேண்டி வந்தது. 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அதே ஊர் தலித்துகள் மூவர் மேலேயே குற்றப்பத்திரிகை வைத்தது. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை, நாங்களும் ஏற்கவில்லை.

இதனால் கேமராவே வேண்டாம், கருவியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையில் நமக்குக் கேமரா வேண்டும். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில்தான் தகராறு. எல்லாக் காவல் நிலையத்திலும் ஒலியோடு பதிவாகும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ(10) பிரிவு, அந்தச் சட்டத்தின் கீழான நடவடிக்கைகள் எல்லாம் வீடியோவில் பதிவாக வேண்டும் என்கிறது. நம்மில் எத்தனை பேர் இதைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்?

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். மிஷின் படிக்காவிட்டால் அது மிஷினின் குறை. அதற்காக ஒருவரும் வெறும் பையோடு திரும்பக் கூடாது. கையெழுத்துப் பதிவேடு கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும். பிணைப்பத்திரம் எழுதிக் கொடுத்தவரிடம் ரேகையோ ரத்தமோ எடுக்கக் கூடாது. விடுதலையானவரின் பதிவை அவர் கேட்காமலே அழித்து, அழித்துவிட்டோம் என்று எழுதித் தர வேண்டும். காவல் நிலையக் கேமராப் பதிவைப் பாதிக்கப்பட்டவர் கேட்டால் கொடுக்க வேண்டும்.

நம் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பெண்களுக்கோ குழந்தைகளுக்கோ எதிரான குற்றம், 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம், இவை தவிர மற்ற வழக்குகளில் கைதானால் உயிரியல் மாதிரி தர மறுக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஸ்டேஷனில் இதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அம்மா அன்று 20 கிலோ அரிசியோடு வீட்டுக்குப் போனார். அடுத்த மாதமும் அவர் விரல் விழப்போவதில்லை. நாங்கள் கூட வராவிட்டாலும், "பதிவேட்ட எடுங்கய்யா, கையெழுத்துப் போடுதேன்" என்று அவரே சொல்ல வேண்டும். அதற்காக அந்தத் தெருவில் இந்த வாரம் கூட்டம் போடுகிறோம்.

ஜெய்பீம்!