ஜெய்சால்மர் (வழி) திருச்செந்தூர்

ஐந்து பேர் சேர்ந்து டூர் போவதென்று முடிவெடுத்தால் அது எப்படிச் சுருங்கும் என்பதற்கு ஒரு ஃபார்முலா இருக்கிறது. முதல் வாரம் லடாக். இரண்டாவது வாரம் கோவா. சம்பளம் தீர்ந்த பிற்பாடு கொடைக்கானல். கடைசியில் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஆளுக்கொரு டீ, இரண்டு பருப்பு வடை. அந்தக் காசையும் நான்தான் கொடுத்திருப்பேன்.

2024 ஆடி மாசம் எங்கள் கோஷ்டி பேசியது ஜெய்சால்மர். ஒட்டகம், கூடாரம், கூடாரத்துக்கு முன்னால் நெருப்பு, நெருப்புக்கு முன்னால் நாங்கள்! ஐடியா கொடுத்தவன் துண்டு.

துண்டு என்பது பட்டப்பெயர். குற்றாலத்தில் சீசனுக்கு சீசன் கடை போட்டு துண்டு, ஜட்டி, சோப்பு, சீயக்காய்த்தூள் விற்பவன். வீட்டிலிருந்து துண்டு கொண்டுவராமல் அருவியைப் பார்த்ததும் ஆவேசப்பட்டு இறங்கிவிடுகிற ஜனங்களை நம்பிப் பிழைத்தவன். 2020, 2021 இரண்டு சீசனும் கொரோனாவால் குளிக்கத் தடை. குளிக்காத ஊரில் துண்டு யாருக்கு? கடன் வாங்கி சரக்குப் போட்டு நிமிர்ந்தபோது, 2024 மே மாசம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையன் போய்விட்டான். அதற்கப்புறம் தண்ணீர் கொஞ்சம் ஜாஸ்தியானாலே தடை. "தடை போடாம என்ன செய்வாங்க? உசுரு முக்கியம்லா?" என்று துண்டே சொல்வான். சொல்லிவிட்டு வட்டிக்காரன் போனை எடுக்காமல் இருப்பான்.

ஆவணியில் அவன் சவூதி போவதாக ஏற்பாடு. ரியாத்துக்கு வெளியே எங்கேயோ குடோன் வேலை. இரண்டு வருஷம்.

"அதுக்கு முன்னால பாலைவனத்துல ஒரு ராத்திரி படுத்துப் பாக்கணும்ல. டிரயல்!" என்றான்.

எங்கள் கோஷ்டியில் 'வங்கி' என்று ஒருத்தன் உண்டு. பேங்க்கில் கிளார்க். ஜெய்சால்மருக்கு ரயில் சார்ஜ், கூடார வாடகை, ஒட்டகத்துக்கு டிப்ஸ் எல்லாம் போட்டுக் கூட்டி, காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பினான். கப்சிப். பி.காம். படித்த அடியேனுக்கும் அதில் ஒரு ரூபாய் குறைக்க வழி தெரியவில்லை.

அப்போதுதான் 'வாத்தியார்' (நிஜமாகவே ஹைஸ்கூல் வாத்தியார்) சொன்னான்: "ஏல, நூத்திப் பத்து கிலோமீட்டர்ல பாலைவனத்த வச்சுக்கிட்டு ராஜஸ்தான் எதுக்குல?"

தேரி! விஜய் நடித்த 'தெறி' இல்லை சார், இது நெடில். திருச்செந்தூருக்கு மேற்கே காயாமொழிப் பக்கம் போனால் பூமி திடீரென்று செக்கச் செவேலென்று ஆகிவிடும். குன்று குன்றாக மணல். இரும்புத் துரு மணலின் மேல் படிந்து வந்த நிறம். சினிமாக்காரர்கள் பாட்டு, சண்டை எடுக்க வருகிற இடம். குதிரைமொழித் தேரி காப்புக்காடு என்பதால் அனுமதியில்லாமல் உள்ளே போய்ப் படுக்க முடியாது. ஆனால், காட்டு ஓரத்தில் வாத்தியாரின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருக்கு முந்திரி விளை இருந்தது. செலவு பெட்ரோல் மட்டும். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

கிளம்பிய சனிக்கிழமை, பாருங்கள், ஆடிப்பெருக்கு! தமிழ்நாடே சித்ரான்னம் கட்டிக்கொண்டு தண்ணீரைத் தேடிப் போகிற நாளில், அருவிக்கரையில் பிறந்த ஐந்து ஜென்மங்கள் மணலைத் தேடிப் போனோம். தென்காசியில் புறப்படும்போது சாரல். பெரிய கோயில் கோபுர வாசலில் கும்பிடு போட்டபோது காற்று வேட்டியைப் பிடுங்கியது. ஓட்டை ஆம்னி வேனில் ஆலங்குளம் தாண்டியதும் சாரல் காணாமல் போச்சு. திருநெல்வேலியில் வெயில். குரும்பூர் வரும்போது இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் நண்பன் சட்டையைக் கழற்றிவிட்டான்.

விளைக்காரப் பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கிருந்து வாரிய?"

"குற்றாலம் பக்கம், அண்ணாச்சி."

"சீசன் நேரத்துல அந்த ஊர உட்டுட்டு இங்கயா வந்திய?" என்றவர், எங்கள் புத்தியைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்கவில்லை. நாகரிகமானவர்.

இரவல் வாங்கிய கூடாரத்தை விரித்தோம். முளையை அடித்தால் மணலில் வெண்ணெய் மாதிரி இறங்குகிறது. அதே சுகத்தோடு வெளியேயும் வருகிறது. நாலு மூலையிலும் நாலு பேர் உட்கார்ந்தால்தான் கூடாரம் நிற்கும். உட்கார்ந்தால் உள்ளே படுக்க ஆளில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்களிடம் அம்மி இல்லை. கூடாரம் பறந்து, ஒரு முந்திரி மரத்தைக் கட்டிக்கொண்டது. பெரியவர் தன் தார்ப்பாயைக் கொண்டுவந்து இரண்டு பனைக்கு நடுவில் கட்டிக் கொடுத்தார். "காலையில செருப்ப உதறிட்டுப் போடுங்க. பாம்பு கெடக்கும்" என்று ஒரு குட்நைட்டும் சொன்னார்.

புளியோதரையில் மணல். தண்ணீரில் மணல். நறநறவென்று மென்றுகொண்டே வங்கி கேட்டான்: "இங்க மட்டும் ஏம்ல மழையே இல்ல?"

வாத்தியார் வகுப்பெடுத்துவிட்டான். அரபிக்கடலிலிருந்து வருகிற தென்மேற்குக் காற்று மலைமேல் ஏறித் தண்ணீரையெல்லாம் கொட்டுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக நழுவி வரும் மிச்சம்தான் நமக்குச் சாரல். தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருவது ஈரமெல்லாம் போன வெறும் காற்று. அது வழியில் கிடந்த மண்ணை வாரிக்கொண்டுபோய்க் கடலோரத்தில் கொட்டிக் கொட்டி, ஆயிரக்கணக்கான வருஷத்தில் சேர்ந்ததுதான் தேரி. இந்தப் பக்கத்துக்கு மழை ஐப்பசியில்தான், வடகிழக்கிலிருந்து.

"அப்ப நம்ம சீசன் காத்தும் இதுவும் ஒண்ணுதானா?" என்றான் துண்டு.

"அதேதாம்ல. மான்சூன்ங்கிறதே அரபு வார்த்தை. மவ்சிம். அப்டின்னா சீசன்னு அர்த்தம்."

துண்டு அந்த வார்த்தையை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

பத்து மணிக்குமேல் காற்று அடங்கியது. மறுநாள் ஆடி அமாவாசை, அதனால் நிலா இல்லை. தெற்கே விருச்சிகம் வாலைச் சுருட்டிக்கொண்டு தெளிவாகத் தெரிந்தது. கிழக்கே திருச்செந்தூர் வெளிச்சம் மட்டும் வானத்தில் லேசாக ஒட்டியிருந்தது. பகலில் காலை வைக்க முடியாமல் கொதித்த மணல் அதற்குள் ஆறிப்போயிருந்தது. மணலுக்குச் சூட்டைப் பிடித்து வைக்கத் தெரியாது. மேல் தோல்தான் கொதிக்கும், ஒரு சாண் தோண்டினால் வேறு கதை. (எங்கள் ஆபீஸ் மேனேஜர் இதற்கு நேர் எதிர்.)

ஒரு மணிக்கு முழித்தேன். நாலு பேர்தான் இருந்தோம்.

ஒண்ணுக்குப் போயிருப்பான் என்று பத்து நிமிஷம் பார்த்தோம். கூப்பிட்டோம், பதிலில்லை. டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பினால், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மேடு, ஒரே மாதிரி பள்ளம். கொஞ்ச தூரத்துக்குக் கால் தடம் இருந்தது. அப்புறம் மணல் அதை மூடியிருந்தது. வங்கிக்காரனுக்குக் குரல் நடுங்கியது. எனக்கும்தான், வெளியே காட்டவில்லை. கடன்காரப் பயல் ராத்திரியில் தனியாகப் போனால் மனசு எங்கெல்லாம் போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மேட்டின் மேல் உட்கார்ந்திருந்தான். கையில் செல்போன் இருந்தது, லைட்டைப் போடவில்லை. மேற்கே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன்ல பதில் சொல்லல?" இன்ஷூரன்ஸ்காரன் அவன் முதுகில் ஒன்று வைத்தான்.

"வழி தெரியல. நீங்க கூப்பிட்டது கேட்டுது. எந்தப் பக்கத்துல இருந்துன்னு தெரியல. சரி, இப்படித்தான இருக்கப்போகுதுன்னு உக்காந்துட்டேன்."

"பத்தாயிரம் தாரேன், போவாத" என்றான் வங்கி. சம்பந்தமில்லாமல். அவன் வாயிலிருந்து வட்டி என்ற சொல் இல்லாமல் வந்த முதல் தொகை அது.

"நாலு லட்சம்ல" என்றான் துண்டு, சிரித்துக்கொண்டே.

ஐந்து பேர் சேர்த்துப் போட்டாலும் நாலு லட்சம் தேறாது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசவில்லை. வாத்தியார்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய இலக்கணத்தில் பாலைக்குரிய ஒழுக்கம் பிரிவு என்றும், பொருள் தேடப் போகிறவன் பாலை வழியாகத்தான் போவான் என்றும் ஆரம்பித்தான். "ஏல, லீவு நாள்லயுமா?" என்று நான் வாயை மூடவைத்தேன். அப்படியே அந்த மேட்டில் வரிசையாக விடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

காலையில் பெரியவர் கருப்பட்டிக் காபி கொடுத்தார். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குப் போனோம். அத்தனை மணலுக்கு நடுவில் ஒரு சுனை! அமாவாசைக் கூட்டத்தில் நின்று துண்டு அதையே ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு கடைக்காரப் புத்தி, "இங்க யாரும் துண்டு விக்கல பாத்தியா?" என்றான்.

திரும்பும்போது வங்கி கணக்கை நீட்டினான். தலைக்கு 410 ரூபாய். துண்டு பாக்கெட்டில் கைவிட்டான். "நீ வந்து குடு" என்று நான் நோட்டில் 'வரவேண்டிய கடன்' பக்கத்தில் அவன் பேரை எழுதினேன். ஆலங்குளம் தாண்டியதும் முகத்தில் சாரல் விழுந்தது. ஜன்னலை அடைக்க அவன் விடவில்லை.

ஆவணியில் போய்ச் சேர்ந்தான். அந்த 410 இன்னும் நோட்டில்தான் இருக்கிறது. போன சீசனில் ஒரு நாள் ஐந்தருவிப் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. சூடு, சாப்பாடு, ரூம்மேட் குறட்டை எல்லாம் சொல்லிவிட்டுக் கேட்டான்:

"சீசன் எப்படில இருக்கு?"

ஐந்து கிளையிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல மாப்ள. சுத்தமா தண்ணியே இல்ல. வெறும் பாறைதான் தெரியுது" என்றேன்.

"பொய் சொல்லாதல" என்றான். "சத்தம் கேக்குது. போன கொஞ்சம் தள்ளிப் பிடி."