பாட்டரிக்கு எந்தப் பெட்டி?

தாராவித் தொண்ணூறடிச் சாலைப் பக்கத்திலிருந்து நம் சங்க அன்பர் ஒருவர் எழுதிக் கேட்டுள்ளார். அவருடைய புதல்வர் மின்சார சைக்கிளில் உணவுப் பொட்டலங்களைக் கொண்டு சேர்க்கும் வேலையில் இருக்கிறார். சைக்கிளைச் சந்தில் நிறுத்திவிட்டு, திருட்டுக்கு அஞ்சி, பாட்டரியை மட்டும் கழற்றி இரும்பு ஏணி வழியே மேலறைக்குக் கொண்டுவந்துவிடுகிறார். ‘ஊரிலிருந்து வந்த டிரங்குப் பெட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் வைத்துப் பூட்டிவிட்டால் குழந்தைகளுக்கு ஆபத்து இல்லையே?’ என்பது அவர் வினா. மாதுங்கா லேபர் கேம்பிலும் செம்பூரிலும் வேறு சிலர் இதையே நம்மிடம் நேரில் கேட்டிருப்பதால், இம்மாதப் பகுதியை இதற்கே ஒதுக்குகிறோம்.

பூட்டிய டிரங்குப் பெட்டி வேண்டாம் என்பதே நமது விடை. காரணத்தைச் சற்று விரிவாகக் கூறவேண்டும்.

இன்று விற்கும் மின் சைக்கிள்களில் மிகுதியானவை லித்தியம்-அயான் பாட்டரியால் ஓடுபவை. 1991-இல் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்த இவ்வகைப் பாட்டரிக்கு வழிகோலிய அறிஞர் மூவர் 2019-இல் நோபெல் பரிசு பெற்றனர். அதன் பெருமை யாவும் சிறிய எடையில் மிகுந்த ஆற்றலை அடக்குவதில் உள்ளது. 48 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்று எழுதியுள்ள பாட்டரி ஒன்றில் ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் அடங்கியிருக்கிறது. கீழே விழுந்த அடியினாலோ, நீர் புகுந்தமையாலோ, பொருந்தாத சார்ஜரினாலோ உள்ளிருக்கும் கலங்களில் ஒன்று கெட்டுச் சூடேறினால், அச்சூடு பக்கத்துக் கலத்தைப் பற்றும். அது அடுத்ததைப் பற்றும். வெளிக்காற்றை அடைத்தும் இதை நிறுத்த இயலாது. சூடேறிய பாட்டரிக்குள்ளிருந்தே பிராணவாயு வெளிப்படும். கம்பளியைப் போட்டு மூடினால் அணைந்துவிடும் என்று எண்ணுவோர் இதைக் கருதவேண்டும்.

பல சமயங்களில் சுவாலை தோன்றுமுன்பே புகை பீறிடும். அது எரியக்கூடிய வாயு, நஞ்சும் கலந்தது. இறுக மூடிய பெட்டியில் அது திரண்டால் என்ன ஆகும் என்பதை, ஆவித்துளை அடைத்துக்கொண்ட குக்கரைக் கண்ட இல்லத்தரசியர் நம்மைவிட நன்கு அறிவர். டிரங்குப் பெட்டி அப்போது காப்பாக இராது, வெடிகலமாகவே மாறும். இராணுவத்தின் பழைய தோட்டாப் பெட்டிகளை வாங்குவோரும் உண்டு. அவற்றின் மூடியில் ரப்பர் வளையம் இருக்கும். அதை எடுத்துவிடாமல் பயன்படுத்தலாகாது.

வீணே அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. 2022 மார்ச்சில் வேலூரில், இரவில் சார்ஜில் விட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, தந்தையும் பதின்மூன்று வயது மகளும் புகையில் மூச்சடைத்து மாண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில், நமக்கு வெகு அருகே, வசாயில் வீட்டுக் கூடத்தில் சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் பாட்டரி வெடித்து ஏழு வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அம்மாதத்திலேயே செகந்தராபாத்தில் மின் ஸ்கூட்டர் விற்பனைக் கூடத்தில் எழுந்த தீயினால், மேலிருந்த விடுதியில் தங்கியோர் எண்மர் இறந்தனர். இவற்றின் பின்னரே, 2022 டிசம்பர் முதல் பாட்டரிச் சோதனை விதிகளை அரசாங்கம் கடுமையாக்கியது. எனினும், 250 வாட்டுக்கும் 25 கிலோமீட்டர் வேகத்துக்கும் மேற்படாத சிறு வண்டிகள் மோட்டார் வாகனக் கணக்கில் சேர்வதில்லை. ஆகவே அவற்றை வாங்குவோர்தாம் கூடுதலாக விழித்திருக்க வேண்டும்.

சரி, எத்தகைய பெட்டி? கனத்த இரும்புத் தகட்டில், பாட்டரியைச் சுற்றி நாற்புறமும் நான்கு விரற்கடை இடைவெளி இருக்குமாறு செய்வித்துக் கொள்ளலாம். தாராவியில் தகரப் பட்டறைக்குப் பஞ்சமில்லை. மூடி மேலே படிந்து நிற்கட்டும். கொண்டியும் பூட்டும் வேண்டா. பின்புறத்தில் மேலாக வரிசையாய்த் துளைகள் இட்டு, அத்துளைகள் சன்னலை நோக்கி இருக்க வைக்கவேண்டும். உட்புறம் இரும்பு வெறுமையாக இருந்தால் பாட்டரியின் முனைகள் அதில் பட்டு மின்னோட்டம் குறுக்கே பாயக்கூடும். ஆகையால் சிமெண்ட் அட்டையை உள்ளே பதித்து, முனைகளுக்கும் மூடி போட்டு வைப்பது நன்று. தெர்மோகோல், ஸ்பஞ்சு, பழம்புடைவை, பிளைவுட் இவை ஒன்றும் அண்டலாகாது. கண்ணாடி இழையால் நெய்த பைகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவை தீப்பொறியைச் சிறிது தடுக்கும், புகையைத் தடுக்கமாட்டா.

திருட்டுக்கு என்ன செய்வது என்று அன்பர் கேட்பார். நியாயமே. இரும்பு வலையாலான கூண்டு ஒன்றை வெளிச்சுவரில் பதித்து அதற்குப் பூட்டுப் போடலாம். காற்று போகும், கள்வன் கை நுழையாது. மேலே மழைக்கு ஒரு தகரச் சார்பு போதும். சந்து மூன்றடியே உள்ள இடங்களில் அண்டை வீட்டாரைக் கலந்துகொள்ளாமல் இதைச் செய்தல் முறையாகாது. அவர்களும் அவ்வழியேதான் வெளியேற வேண்டும்.

பெட்டி எத்துணை நேர்த்தியாயினும் அது சில நிமிட அவகாசத்தையே வாங்கித் தரும் என்பதால், அதை வைக்கும் இடமே மேலும் முக்கியம் என்று கருதுகிறோம். ஒற்றை வாசல் உள்ள அறையில் அவ்வாசலருகே வைப்பதும், ஏணியின் தலைமாட்டில் வைப்பதும், உறங்கும் பாயை ஒட்டி வைப்பதும் பெரும் பிழை. பரணும் ஆகாது. தரையும் ஆகாது, 2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை நம்மில் எவர் மறப்பார்? முழங்கால் உயரத்தில் ஒரு கல் மேடை போதுமானது. வெள்ளநீர் புகுந்த பாட்டரியை உலர்த்திச் சார்ஜ் செய்யத் துணியலாகாது.

பெட்டி ஓய்வுக்கு மட்டுமே உரியது. சார்ஜ் ஏற்றும்போது திறந்த வெளியில், எவரேனும் விழித்திருக்கும் நேரத்தில் ஏற்றவேண்டும். வண்டி ஓட்டிவந்த சூடு ஆறிய பிறகே ஏற்றுதல் நலம். நாம் பணிபுரியும் ரயில்வேயைச் சிலர் ஏளனம் செய்வதுண்டு. ஆயினும் தீவிபத்துக்கு அஞ்சி, இரவு 11 முதல் காலை 5 மணி வரை ரயில் பெட்டிகளில் சார்ஜ் முனைகளுக்கு மின்சாரத்தை நிறுத்தும் ஏற்பாட்டை மேற்கு ரயில்வே 2021-இலேயே செய்தது.

செம்பூரில் அடுக்கு வீடுகளில் வாழ்வோருக்கு வழி எளிது. வண்டி நிறுத்தும் காற்றோட்டமான இடத்தில் ஓர் இணைப்புக்குச் சொசைட்டிக் கமிட்டியை விடாமல் வற்புறுத்துங்கள். தாராவி அன்பரின் புதல்வருக்கோ, தீர்ந்த பாட்டரியைக் கொடுத்து நிறைந்ததைப் பெறும் மாற்று நிலையங்களுள்ள வாடகை வண்டியே ஏற்றது என்போம். அதில் பாட்டரி வீட்டுக்குள் நுழையவே நுழையாது.

உப்பிப்போன பாட்டரி எப்பெட்டிக்கும் உரியதன்று. அதைப் பதின்மூன்றாம் காம்பவுண்டில் பழைய சாமான் விலைக்குக் கொடுத்துவிடாமல் விற்ற கடைக்கே திருப்பிக் கொடுங்கள். 2022-இன் பாட்டரிக் கழிவு விதிகள் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீதே சுமத்தியுள்ளன. கடைக்காரர் தட்டிக் கழித்தால், பாட்டரியின் மேலுள்ள தயாரிப்பாளர் பெயரையும் வரிசை எண்ணையும் குறித்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். கடிதம் நாம் எழுதித் தருகிறோம்.